மூக்கை நம்பினால் ஆபத்து! விஷவாயு கருவியை படிக்க தீயணைப்பு வீரர்களுக்கு பயிற்சி போதுமா?

எண்ணூர்,

2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதி மீனவ மக்கள் தூங்கிக்கொண்டிருந்தனர். திடீரென்று மூக்கை துளைக்கும் நெடி. கண் எரிச்சல், மூச்சுத்திணறல். என்ன ஏது என்று தெரியாமல் குழந்தைகளை தூக்கிக்கொண்டு அலறியடித்தபடி ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். கிடைத்த ஆட்டோ, மோட்டார் சைக்கிளில் ஏறி ஊரை விட்டே வெளியேறினார்கள். 40-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

அங்குள்ள உர தொழிற்சாலைக்கு கப்பலில் இருந்து அமோனியா கொண்டு வரும் கடலடி குழாயில் ஏற்பட்ட கசிவுதான் காரணம் என்பது பிறகு தெரிய வந்தது. அந்த மாத தொடக்கத்தில் அடித்த மிச்சாங் புயலில் கடலுக்குள் கற்கள் நகர்ந்து குழாய் சேதம் அடைந்திருக்கலாம் என்று அரசு அமைத்த தொழில்நுட்ப குழு சொன்னது.

அன்று இரவு ஊருக்கு முதல் அலாரம் அடித்தது எந்த கருவியும் இல்லை. மக்களின் மூக்குதான்.

அமோனியா என்பதால் மூக்கு காப்பாற்றியது. நெடியே இல்லாத விஷவாயுவாக இருந்திருந்தால்? இந்த கேள்விதான் இன்று வரை வடசென்னை மக்களை விடாமல் துரத்துகிறது. எண்ணூர், மணலி பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு, உரம், ரசாயனம் என்று வரிசையாக ஆலைகள். ரோட்டில் ராத்திரி பகலாக டேங்கர் லாரிகள். ஏதாவது ஒன்று என்றால் 101-க்கோ 112-க்கோ போன் போகும். முதலில் வந்து நிற்பது பக்கத்து தீயணைப்பு நிலைய வீரர்கள்தான். விஷவாயு விபத்துக்கென்று பயிற்சி பெற்ற தேசிய பேரிடர் மீட்பு படை அரக்கோணத்தில் இருந்து கிளம்பி வருவதற்குள் முதல் ஒரு மணி நேரம் போய்விடும். உயிர் போவதும் பிழைப்பதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அந்த ஒரு மணி நேரத்தில் வீரர் கையில் இருக்க வேண்டியது தண்ணீர் குழாய் மட்டும் அல்ல. காற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லும் கியாஸ் டிடெக்டரும் வேண்டும். அதை விட முக்கியம், அது சொல்வதை புரிந்துகொள்ளும் பயிற்சி வேண்டும்.

காப்பாற்ற போனவரே பலி

இது ஏதோ பெரிய தொழிற்சாலை ஊர்களின் பிரச்சினை என்று நினைத்தால் தவறு. பெரம்பலூர் மாவட்டம் செல்லியம்பாளையத்தில் 2020-ம் ஆண்டு ஜூலை மாதம் கிணற்றுக்குள் விஷவாயு தாக்கி சிக்கியவர்களை மீட்க தீயணைப்பு வீரர்கள் போனார்கள். உள்ளே இறங்கிய தீயணைப்பு வீரர் ஒருவரே விஷவாயு தாக்கி பரிதாபமாக இறந்து போனார். ஊரைக் காப்பாற்ற போனவரின் குடும்பம் நடுத்தெருவில் நின்று அழுதது.

கிணறு, பாதாள சாக்கடை, செப்டிக் டேங்க். தமிழ்நாட்டில் எந்த ஊர் தீயணைப்பு நிலையத்துக்கும் இந்த போன் வராமல் இருக்காது. பாறையை உடைக்க வெடி வைத்த கிணற்றில் கார்பன் மோனாக்சைடு தங்கும். அதற்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. சாக்கடையில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு 100 பி.பி.எம். பக்கம் ஏறிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைப்பவர் நேராக எமன் வாயில் காலை வைக்கிறார்.

பி.பி.எம். என்றால் 10 லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு அந்த வாயு என்ற கணக்கு.

டிடெக்டர் என்ன செய்யும்?

தீயணைப்பு துறைகளில் சாதாரணமாக பயன்படுத்தும் டிடெக்டர் கைக்கு அடக்கமானது. நாலு விஷயங்களை பார்க்கும். ஆக்சிஜன் எவ்வளவு, தீப்பிடிக்கும் வாயு எவ்வளவு, கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, ஹைட்ரஜன் சல்பைடு எவ்வளவு. நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்டும். 19.5-க்கு கீழே போனால் அலாரம் அடிக்கும். தீப்பிடிக்கும் வாயு, தீப்பற்ற தேவையான குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்தை தொட்டால் அப்போதும் அலாரம் அடிக்கும்.

கேட்க சுலபமாக இருக்கிறது. அலாரம் அடித்தால் ஆபத்து, அடிக்காவிட்டால் பயம் இல்லை என்று யாரும் நினைப்பார்கள். இங்கேதான் சிக்கலே. அலாரம் அடிக்காமலே ஆளை கொல்லும் சந்தர்ப்பங்கள் நிறைய உண்டு. பயிற்சி இல்லாதவர் கையில் இருக்கும் டிடெக்டர், டிடெக்டர் இல்லாததை விட மோசம். ஏனென்றால் அது பொய்யான தைரியத்தை கொடுத்துவிடும்.

சத்தம் போடாத ஆபத்து

முதல் கணக்கு, கிணற்று கணக்கு. ஒரு கிணற்றில் டிடெக்டரை கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள். ஆக்சிஜன் 19.9 சதவீதம் காட்டுகிறது. 19.5-க்கு மேல் இருப்பதால் அலாரம் அடிக்காது. ஒரு சதவீதம்தானே குறைவு என்று தோன்றும். ஆனால் வேறு ஒரு வாயு புகுந்து காற்றை தள்ளிவிட்டதால் அந்த ஒரு சதவீதம் குறைந்தது என்றால், காற்றில் சுமார் 5 சதவீதம் அந்த புது வாயு கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதாவது கிட்டத்தட்ட 48 ஆயிரம் பி.பி.எம். அது கார்பன் டை ஆக்சைடாக இருந்தால், 40 ஆயிரம் பி.பி.எம்.மே உடனடி உயிர் ஆபத்து அளவு. நாலு வாயு டிடெக்டர் கார்பன் டை ஆக்சைடை நேராக பார்க்காது. அலாரம் வாய் திறக்காது. 20.9 ஏன் 19.9 ஆனது என்று கேட்க தெரிந்தவர் மட்டுமே தப்பிப்பார்.

இரண்டாவது, எண்ணூர் கணக்கு. அமோனியா தீப்பற்ற காற்றில் 15 சதவீதம் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆயிரம் பி.பி.எம். வந்தால்தான் தீப்பிடிக்கும் வாயுவுக்கான அலாரம் அடிக்க வேண்டிய நிலை வரும். ஆனால் மனிதனுக்கு 300 பி.பி.எம். அமோனியாவே உடனடி உயிர் ஆபத்து. அதாவது ஆபத்து அளவை போல் 50 மடங்கு ஏறும் வரை சாதாரண டிடெக்டர் சும்மா இருக்கலாம். அமோனியாவுக்கு என்றே தனி சென்சார் பொருத்தியது வேண்டும்.

மூன்றாவது, விசாகப்பட்டினம் கணக்கு. 2020-ம் ஆண்டு மே 7-ந்தேதி அதிகாலை அங்குள்ள ரசாயன ஆலையில் இருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்து ஆர்.ஆர்.வெங்கடாபுரம் பகுதியை மூடியது. 12 பேர் பலியானார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். விஷவாயு நிபுணர் குழு மகாராஷ்டிர மாநிலம் புனேயில் இருந்து விமானத்தில் வந்தது. ஸ்டைரீன் ஆவி காற்றை விட மூன்றரை மடங்கு கனமானது. தரையோடு படர்ந்து பள்ளத்தில் தங்கும். 700 பி.பி.எம். அளவே உடனடி உயிர் ஆபத்து. நாலு வாயு டிடெக்டரின் தீ அலாரம் 900 பி.பி.எம்.மில்தான் அடிக்கும். மீத்தேன் வாயுவை வைத்து சரி செய்த டிடெக்டராக இருந்தால் அதையும் தாண்டிய பிறகுதான் அடிக்கும். இதற்கு புற ஊதா விளக்கு வைத்த வேறு வகை டிடெக்டர் தேவை. அதுவும் எது கசிகிறது என்று பெயர் சொல்லாது. மொத்தமாக ஒரு எண் காட்டும். எந்த ரசாயனம் என்று தெரிந்தால் அதற்குரிய எண்ணால் பெருக்கி கணக்கு போட வேண்டும். ஸ்டைரீனுக்கு அந்த எண் சுமார் 0.4.

நான்காவது, குளோரின். நகராட்சி குடிநீர் நிலையங்களில் 900 கிலோ பிடிக்கும் பெரிய சிலிண்டர்களில் குளோரின் வைத்திருப்பதை பல ஊர்களில் பார்க்கலாம். குளோரினுக்கு 10 பி.பி.எம்.மே உயிர் ஆபத்து. அது எரியும் வாயு இல்லை என்பதால் தீ அலாரம் கடைசி வரை அடிக்காது. புற ஊதா விளக்கு டிடெக்டருக்கும் சாதாரணமாக குளோரின் தெரியாது. தனி சென்சார் ஒன்றுதான் வழி.

ஆக, 'டிடெக்டர் கொடுத்தாச்சு' என்று ரிஜிஸ்டரில் எழுதினால் வேலை முடிந்துவிடாது. எந்த டிடெக்டர், எந்த சென்சார், எந்த ஊருக்கு என்பதுதான் கேள்வி. மணலி பக்கம் உள்ள நிலையத்துக்கும், கிணறுகள் நிறைந்த மாவட்ட நிலையத்துக்கும் ஒரே பெட்டியை அனுப்பினால் எப்படி சரிவரும்?

மூன்று பி.பி.எம். புதிர்

எண்ணூர் கசிவுக்கு பிறகு மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஒரு அளவு வெளியிட்டது. ஆலை வாசல் அருகே காற்றில் அமோனியா ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். 24 மணி நேர சராசரியாக இருக்க வேண்டிய அளவு 400 மைக்ரோகிராம். ஐந்து மடங்கு அதிகம் என்று செய்தி பரவி பரபரப்பு ஏற்பட்டது.

ஆனால் தீயணைப்பு வீரரின் டிடெக்டர் மைக்ரோகிராம் பேசாது. பி.பி.எம். பேசும். கணக்கு போட்டால் 2,090 மைக்ரோகிராம் அமோனியா என்பது சுமார் 3 பி.பி.எம். உயிர் ஆபத்து அளவான 300-க்கு பக்கத்தில் கூட இல்லை. அப்படியானால் நூற்றுக்கணக்கான மக்கள் ஏன் ஓடினார்கள்? ஏன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்? அந்த அளவு எடுத்தது ஆலை வாசலில். ஜனங்கள் மூச்சு விட்டது அவரவர் வீட்டு வாசலில். கசிவு உச்சத்தில் இருந்தபோது பெரியகுப்பம் தெருவில் எவ்வளவு இருந்தது என்பதை ஆலை வாசல் அளவு சொல்லாது.

எங்கே, எப்போது, எந்த உயரத்தில், காற்று எந்த பக்கம் அடிக்கும்போது அளந்தோம் என்பதை குறித்து வைக்காவிட்டால் எந்த எண்ணுக்கும் மதிப்பு இல்லை. இதுவும் பயிற்சியில் சொல்லித்தர வேண்டிய பாடம். எந்த தெருவை காலி செய்வது, எந்த தெரு ஜனங்களை கதவை சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்க சொல்வது என்று கலெக்டர் முடிவு எடுக்க இந்த குறிப்புதான் ஆதாரம்.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்?

முதல் பாடம், டிடெக்டரை எங்கே ஆன் செய்வது. நல்ல காற்றில், நிலையத்திலேயே ஆன் செய்து பூஜ்யம் பார்க்க வேண்டும். கசிவு இடத்துக்கு போய் ஆன் செய்து அங்கேயே பூஜ்யம் வைத்தால், விஷக்காற்றையே நல்ல காற்று என்று டிடெக்டர் நம்பிவிடும்.

இரண்டாவது, தினசரி சோதனை. அளவு தெரிந்த கலவை வாயு சின்ன சிலிண்டரில் கிடைக்கும். அதை டிடெக்டருக்கு காட்டி, சரியாக அலாரம் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரையில் எண் ஓடுகிறது என்பதால் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பல சென்சார்களின் ஆயுளே இரண்டு, மூன்று வருடம்தான். சிலிக்கோன் கலந்த பாலிஷ், ஸ்பிரே பட்டாலும் தீப்பிடிக்கும் வாயுவை பார்க்கும் சென்சார் கெட்டுவிடும். வண்டியை பளபளவென்று துடைத்த கையோடு டிடெக்டரை தொடக்கூடாது என்பது சின்ன விஷயமாக தெரியும். உயிர் விஷயம் அது.

மூன்றாவது, அவசரப்படாமை. டிடெக்டர் உடனே காட்டாது. வாயு உள்ளே போய் எண் நிலைக்க அரை நிமிடம், ஒரு நிமிடம் கூட ஆகலாம். குழாய் மாட்டி கிணற்றுக்குள் உறிஞ்சினால் குழாய் நீளத்துக்கு தக்கபடி இன்னும் தாமதம். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் நின்று பார்க்க வேண்டும். மீத்தேன் மேலே போகும். சமையல் கியாஸ், ஹைட்ரஜன் சல்பைடு, குளோரின் கீழே தங்கும். அமோனியா லேசான வாயுதான். ஆனால் குளிரூட்டிய திரவமாக கொட்டினால் பனி போல தரையோடு படரும். புத்தகத்தில் ஒரு வரி படித்தவர் இங்கே ஏமாந்து போவார்.

நான்காவது, காற்றின் திசை. காற்று அடிக்கும் பக்கத்தில் இருந்துதான் கசிவை நெருங்க வேண்டும். மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டுதான் அளக்கவே போக வேண்டும். அளந்து பார்த்துவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்றால் காலம் கடந்துவிடும்.

ஐந்தாவது, திரும்ப திரும்ப செய்வது. அமெரிக்காவில் ரசாயன விபத்துக்கு முதலில் போகும் வீரர்களுக்கு குறைந்தது 8 மணி நேரம், உள்ளே புகுந்து கசிவை அடைப்பவர்களுக்கு குறைந்தது 24 மணி நேரம் பயிற்சி என்று சட்டமே சொல்கிறது. வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். நாலு வருடத்துக்கு முன்பு தாம்பரம் பயிற்சி மையத்திலோ, நாக்பூர் தேசிய தீயணைப்பு கல்லூரியிலோ ஒரு முறை பார்த்ததை வைத்து, நள்ளிரவில் மூச்சுக்கருவி கண்ணாடி வழியாக ஒரு எண்ணை படித்து முடிவு எடு என்றால் யாரால் முடியும்?

சட்டம் இருக்கு, ஒத்திகை?

சட்டத்தில் குறை இல்லை. அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989-ம் ஆண்டு விதிப்படி ஆலைக்குள் 6 மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடத்த வேண்டும். ஆலைக்கு வெளியே, ஊர் மக்களுக்கான திட்டத்தை வருடம் ஒரு முறை ஒத்திகை பார்க்க வேண்டும். 1996-ம் ஆண்டு ரசாயன விபத்து விதிப்படி கலெக்டர் தலைமையிலான மாவட்ட நெருக்கடி குழு 45 நாட்களுக்கு ஒரு முறை கூட வேண்டும்.

ஒத்திகைகளும் நடக்கத்தான் செய்கின்றன. சைரன் ஒலிக்கும். புகை குண்டு போடுவார்கள். ஸ்டிரெச்சரில் ஆள் தூக்குவார்கள். தண்ணீரை பீய்ச்சி அடிப்பார்கள். மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். ஆனால் அந்த ஒத்திகையில் டிடெக்டர் என்ன காட்டியது, யார் படித்தார், அதை வைத்து எந்த தெருவை காலி செய்ய முடிவானது என்று யாராவது கேட்கிறார்களா? ஒத்திகையில் தண்ணீருக்கு கொடுக்கும் முக்கியத்துவத்தில் பாதியை டிடெக்டருக்கு கொடுத்தாலே போதும்.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. மாநிலங்களின் தீயணைப்பு துறைகளை விரிவாக்கி நவீனப்படுத்த 5 ஆயிரம் கோடி ரூபாய் திட்டத்தை மத்திய அரசு 2023-ம் ஆண்டு அறிவித்தது. வண்டி வாங்கலாம், ஏணி வாங்கலாம், டிடெக்டரும் வாங்கலாம். ஆனால் டிடெக்டர் விலையோடு கதை முடியாது. சோதனை வாயு சிலிண்டர், மாற்று சென்சார், பழுது பார்ப்பு, பயிற்சி நேரம் எல்லாவற்றுக்கும் வருடா வருடம் பணம் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது வருடம் பீரோவுக்குள் தூங்கும்.

ரோட்டில் ஓடும் ஆபத்து

2025-ம் ஆண்டு ஜனவரி 3-ந்தேதி அதிகாலை கோவை அவினாசி ரோடு மேம்பாலத்தில் சமையல் கியாஸ் டேங்கர் லாரி கவிழ்ந்தது. உள்ளே 18 டன் கியாஸ். கசிவு ஏற்பட்டதால் தீயணைப்பு வீரர்கள் தண்ணீரை பீய்ச்சி அடித்தபடி நின்றனர். பக்கத்து பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. நல்லவேளையாக தீப்பற்றவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு, 2024-ம் ஆண்டு டிசம்பர் 20-ந்தேதி ஜெய்ப்பூரில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. லாரி மோதி டேங்கரில் இருந்து கசிந்த கியாஸ் ரோட்டில் பரவி தீப்பற்றியதில் வண்டிகளில் இருந்த பலர் கருகி இறந்தனர்.

கியாஸ் எதுவரை படர்ந்திருக்கிறது, எந்த இடத்தில் வண்டிகளை நிறுத்த வேண்டும் என்று கோடு போட்டு காட்டுவது டிடெக்டர் மட்டுமே. கண்ணுக்கு தெரியும் வெள்ளை புகையை தாண்டியும் தீப்பற்றும் கியாஸ் இருக்கும்.

பொதுமக்களும் ஒரு உதவி செய்யலாம். டேங்கர் லாரியில் எச்சரிக்கை பலகை இருக்கும். அதில் நாலு இலக்க எண் எழுதியிருக்கும். 1075 என்றால் சமையல் கியாஸ், 1203 பெட்ரோல், 1005 அமோனியா, 1017 குளோரின். விபத்தை பார்த்தால் பக்கத்தில் போய் செல்போனில் படம் எடுக்க வேண்டாம். தூரத்தில் நின்று அந்த எண்ணை மட்டும் பார்த்து போனில் சொன்னால் போதும். எந்த சென்சாரை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று வீரர்களுக்கு வண்டி புறப்படும்போதே தெரிந்துவிடும்.

எந்த தீயும் தெரிந்த எதிரி

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 14-ந்தேதி தீயணைப்பு நிலையங்களில் மலர் வளையம் வைத்து மவுன அஞ்சலி செலுத்துகிறார்கள். 1944-ம் ஆண்டு அதே நாளில் பம்பாய் துறைமுகத்தில் போர்ட் ஸ்டைக்கின் கப்பலில் பிடித்த தீயை அணைக்க போன 66 தீயணைப்பு வீரர்கள் வெடிவிபத்தில் பலியானார்கள். கப்பலில் பஞ்சும் இருந்தது, வெடிமருந்தும் இருந்தது. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந்தேதி லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்திலும் அதே கதைதான். தீயை அணைக்க போன குழுவில் 10 பேர் திரும்பவில்லை. கிடங்கில் இருந்த அம்மோனியம் நைட்ரேட்தான் வெடித்தது.

கண்ணுக்கு தெரியும் தீயோடு மோத தீயணைப்பு வீரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாத எதிரியோடு மோத வைப்பதுதான் பாவம்.

வீரர்களிடம் தைரியத்துக்கு பஞ்சம் இல்லை. கூப்பிட்டால் கிணற்றிலும் குதிப்பார்கள். அந்த தைரியத்தை நம்பியே எத்தனை நாள் வண்டி ஓட்டுவது? ஒவ்வொரு நிலையத்திலும் வேலையில் இருக்கும் வீரர்களில் குறைந்தது இரண்டு பேருக்காவது டிடெக்டரை கண்ணை மூடிக்கொண்டு இயக்க தெரிய வேண்டும். மாதம் ஒரு முறை கிணற்றடியில் வைத்து பழக வேண்டும். மாவட்ட நெருக்கடி குழு அடுத்த முறை கூடும்போது, நிலையம் நிலையமாக எத்தனை டிடெக்டர் வேலை செய்கிறது, எத்தனை பேருக்கு படிக்க தெரியும் என்ற கணக்கை கேட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்த முறை நள்ளிரவில் நெடி அடிக்கும்போது, எண்ணூர் மக்கள் மூக்கை பிடித்துக்கொண்டு ஓட வேண்டுமா, அல்லது எந்த பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் இருப்பாரா? பதில் சொல்ல வேண்டியது அதிகாரிகள்.